அண்ணிதான் பிரேக்

“அந்தக் கடைசி வீட்டுக்காரி வாங்கினாளே, கியர் வெச்ச சைக்கிளு, அது இப்ப எங்க நிக்குதுன்னு போய்ப் பாரு. வராந்தாவுல நிக்குது. ஹேண்டல்ல ரெண்டு துண்டு, சீட் மேல அவ புருசன் கைலி. மூணு மாசம்கூட ஆவல. நீயும் அதே மாதிரி ஒண்ணு வாங்கிப் போடாத, சொல்லிட்டேன்.”

பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஆனால் நடையில் என்னைவிட மூத்தவள்.

“நான் என்னாக்கா செய்ய? டாக்டரு சொல்லிட்டாரு. ரத்தத்துல இனிப்பு நீர் ஏறிப் போச்சாம். நடந்தா முட்டி வலிக்குது. சைக்கிள் ஓட்டுங்க, முட்டிக்கு நோவாதுன்னாரு. சுங்கை பட்டாணி கடையில ஒண்ணு பாத்தேன்லா, செவப்புக் கலரு, அழகா இருந்துச்சி.”

“கலரப் பாத்தா சைக்கிள் வாங்குவாங்க? ஏறி ஒக்காந்து பாத்தியா?”

“ஒக்காந்தேன். நல்லாத்தான் இருந்துச்சி.”

“எறங்கிப் பாத்தியா?”

அவள் கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். இறங்குவதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கடைக்காரனும் ஏறச் சொல்வானே தவிர இறங்கச் சொல்ல மாட்டான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, டாக்டர் சொல்லும் கணக்கெல்லாம் புரியாது. ஆனால் சைக்கிள் வாங்கப் போகிற பெண்பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் விஷயம் இருக்கிறது. உட்கார்ந்தபடியே காலை நீட்டினால் பாதம் தரையில் படவேண்டும். பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்கவேண்டும், முனகக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் சிவப்போ கறுப்போ எதை வேண்டுமானாலும் வாங்கட்டும். நான் ஓட்டிய சைக்கிளில் இந்த இரண்டும் இல்லை.

“நீங்க சைக்கிள் ஓட்டுனீங்களாக்கா?” என்றாள், ஏதோ நான் விமானம் ஓட்டினேன் என்று சொன்னதுபோல.

ஓட்டினேன். ஜப்பான்காரன் காலத்தில் ஓட்டினேன். சிடாம் கிரிப் பக்கத்து எஸ்டேட்டில் இருந்து யான் என்கிற வயல்காட்டு ஊர் வரைக்கும் ஓட்டினேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயதோ பதினான்கோ, எஸ்டேட் கூலிகள் குடியிருந்த எங்கள் லயத்தில் வயதை யார் எழுதி வைத்தார்கள்.

அந்தச் சைக்கிள் எப்படி வந்தது என்பதே ஒரு கதை. ஜப்பான்காரர்கள் முதலில் சைக்கிளில்தான் வந்தார்கள். எங்கள் எஸ்டேட் முகப்பு வழியாகக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். டயர் கிழிந்தாலும் நிறுத்த மாட்டார்கள், வெறும் ரிம்மோடு ஓட்டிக்கொண்டு போவார்கள். தார் ரோட்டில் இரும்பு உரசுகிற அந்தச் சத்தத்தில் லயத்து நாய்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. அவர்கள் போன பிறகு பெரிய கால்வாயில் ஒரு சைக்கிள் கிடந்தது. டயர் இல்லை, சீட்டும் இல்லை. யாரும் அதைத் தொடவில்லை. செத்தவன் சைக்கிள் என்றார்கள். அவன் செத்ததை யார் பார்த்தது என்று கேட்டால் அதற்கு ஆள் இல்லை.

என் அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகையில் அவனுக்கு வேலை. ஷீட்டை நீள நீளமாக வெட்டி, முறுக்கி, டயர் இருக்கவேண்டிய இடத்தில் திணித்து, கம்பியால் ரிம்மோடு சேர்த்துக் கட்டினான். காற்றே தேவையில்லாத டயர். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கட்டுக்கம்பி ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் கட்டையில் போய் இடித்தது. பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டான். “பிரேக்கு எதுக்கு, கால வெச்சா நிக்கும்” என்றான். அவன் கால் முன்சக்கரத்துக்கு எட்டும். என் கால் எட்டுமா என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை, நான் ஓட்டப்போகிறேன் என்பதே யாருக்கும் தெரியாதே.

டயர் கட்டுவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வண்டி என்று ஒன்று வீட்டுக்கு வந்தால் முனியாண்டி கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்துச் சக்கரத்தை ஏற்றி நசுக்கவேண்டும், அப்போதும் அப்படித்தான், இப்போது என் மகன் கார் வாங்கினாலும் அப்படித்தான். அண்ணனுக்கு அவசரம். டயர் கட்டும்வரை பொறுக்காமல் வெறும் ரிம்மோடு கோயிலுக்கு உருட்டிக்கொண்டு போனான். பழத்தின் மேல் ரிம் ஏறியது. பழம் நசுங்கவில்லை. கத்தியால் அரிந்ததுபோல இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி இந்தப் பக்கம், ஒரு பாதி அந்தப் பக்கம் உருண்டது. பூசாரி குனிந்து ஒரு பாதியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“இது கணக்குல சேராதுப்பா. நசுங்கணும். வேற பழம் கொண்டா,” என்றார்.

வேறு பழம் எங்கே இருக்கிறது. அந்த ஒன்றையே நாலு லயத்தில் கேட்டு வாங்கி வந்திருந்தான். “நசுங்கினா என்னா, வெட்டுப்பட்டா என்னா சாமி, பழம் செத்துருச்சில்ல” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். அதை அவன் சொன்ன விதத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பூசாரி மட்டும் சிரிக்கவில்லை.

அப்புறம் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் ஒரு நாள் விடியற்காலையில் பாலிங் பக்கம் காட்டோரம் இருக்கிற சொந்தக்காரர் குடிசைக்குப் போய்விட்டான். அங்கே மரவள்ளி நட்டுக்கொண்டு மறைவாக இருந்தான். அப்பா யுத்தத்துக்கு முன்னாலேயே தவறிவிட்டார். வீட்டில் அம்மா, அண்ணி, நான், அந்தச் சைக்கிள்.

அண்ணி என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவள். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டி வெட்டி அவள் கை இரும்பு மாதிரி இருக்கும். வாயும் அப்படித்தான். என்னை ‘வெளக்குமாத்துக் குச்சி’ என்றுதான் கூப்பிடுவாள்.

அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி விழும், அது நிறைய நேரம் அப்படியே இருக்கும். மரவள்ளிக் கிழங்கையே தின்று தின்று வருகிற வீக்கம். லயத்தில் அதே வீக்கத்தோடு இரண்டு பேர் போய்விட்டார்கள், மூன்றாவது அம்மாதான் என்று எல்லோரும் நினைத்தார்கள், எங்களிடம் சொல்லவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரசர் வந்து பார்த்தார். அவர் கையில் மருந்து எதுவும் இல்லை.

“தவுடு கிடைக்குமா பாருங்க. நெல்லுத் தவுடு. கஞ்சியில கலந்து குடுங்க. கைக்குத்தல் அரிசி கெடச்சா இன்னும் நல்லது. இல்லன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது,” என்றார்.

நெல் யானில்தான் இருக்கிறது. ஆம்பிளைகள் ரோட்டில் தலை காட்ட முடியாது. பஸ் இல்லை. அண்ணிக்கு ஹேண்டலைப் பிடித்தாலே தலை சுற்றும். எனக்கு அண்ணன் முன்பு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருந்தான், மிதிக்கத் தெரியும், வளைக்கத் தெரியும். ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது. சீட் இல்லாததால் நடுக் கம்பியின் மேல் கோணிச் சாக்கை மடித்துக் கட்டி அதில் உட்கார்ந்தேன். அண்ணனுடைய காற்சட்டையைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டு, மேலே தாவணி. அந்தக் கோலத்தைப் பார்த்து லயமே வாசலில் வந்து நின்றது. எதிர் வீட்டுக் கிழவி, “ஏண்டி, பொண்ணா இது, சர்க்கஸா?” என்றாள். “டிக்கெட் குடுத்துட்டுப் பாருங்க ஆயா,” என்றாள் அண்ணி.

எங்கள் ஏற்பாடு இதுதான். நான் கம்பியில் உட்காருவேன். அண்ணி பின்னால் கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓடுவாள், வண்டி ஓட்டம் பிடித்ததும் பக்கவாட்டில் தாவி உட்காருவாள். நிறுத்தவேண்டும் என்றால் நான் “அண்ணி” என்று கத்துவேன். அவள் குதித்து, கேரியரைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டே ஓடுவாள். வண்டி நிற்கும். அண்ணிதான் பிரேக்.

“அய்யோ, விழுந்துட மாட்டீங்களா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“விழாம? வழியில பெடோங் போய்ச் சேர்றதுக்குள்ள ஏழு தடவ. அதான் சொல்றேன், மொத வாரம் நீ சமதரையில ஓட்டு. மேட்டுக்குப் போவாத. பள்ளத்துக்குப் போவவே போவாத. மேட்டுல மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பள்ளத்துலதான் ஆளு போவான்.”

வெறும் வயிற்றில் ஓட்டாதே என்றும் சொன்னேன். நாங்கள் வெறும் வயிற்றில்தான் ஓட்டினோம். ஒரு மணி நேரம் மிதித்தால் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கும். அண்ணி பின்னாலிருந்து என்னைப் பேச வைத்துக்கொண்டே வருவாள், நான் மயங்கிவிடக் கூடாது என்று. மைல் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கல்லை எண்ணிக்கொண்டு போவோம். ஜெராய் மலை வலது கைப் பக்கம் கூடவே வரும், அது பின்னால் சாய ஆரம்பித்தால் யான் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. பச்சை ரப்பரில் செய்த டயர் வெயிலில் இளகிவிடும் என்பது ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தோன்றவேயில்லை. வெயில் ஏறினால் டயர் தார் ரோட்டில் ஒட்டும். ஒட்டி ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். யாரோ பின்னால் விடாமல் சேலையைக் கிழித்துக்கொண்டே வருவது போல ஒரு சத்தம். வண்டியும் கனக்கும். அப்போதெல்லாம் அண்ணி சொல்வாள், “பின்னால நான் மட்டும் ஒக்காரலடி. செத்த வண்டிக்காரனும் ஏறிக்கிட்டான். நகந்து ஒக்காருடான்னா கேக்க மாட்டங்கறான்.” நான் சிரித்துக்கொண்டே மிதிப்பேன், ஆனால் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ரோட்டில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான்காரன் துப்பாக்கியோடு நிற்பான். அவனைத் தாண்டும்போது வண்டியை விட்டு இறங்கி வணக்கம் வைக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் தடவை போனபோது நாங்கள் நன்றாகத் தள்ளியே இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு போய், அவனுக்கு முன்னால் நின்றோம். நான் இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்திருந்தேன். அண்ணி கோயிலில் கும்பிடுவதுபோலக் கைகூப்பினாள். நெஞ்சுக்கு நேராக, கண்ணை மூடிக்கொண்டு. அவன் வந்து பளாரென்று அறைந்தான். கும்பிட்டதற்கு அடி வாங்கியது எங்களுக்குப் புரியவில்லை. அண்ணி இன்னும் பக்தியாக, தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கும்பிட்டாள். இன்னொரு அறை.

யானில் வயலோரம் ஒரு மலாய்க்கார அம்மாள் இருந்தார். அவர்தான் எங்களுக்கு நெல் தவிடு கொடுத்தவர். அண்ணி கன்னத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முற்றத்தில் நிற்க வைத்து எங்களுக்கு வணங்கக் கற்றுக்கொடுத்தார். கை தொடையோடு ஒட்டி இருக்கவேண்டும், இடுப்பிலிருந்து வளையவேண்டும், “துண்டுக், துண்டுக்” என்று அண்ணியின் முதுகை அழுத்திக் குனிய வைத்தார். கை கூப்பக் கூடாது, எதையும் பிடித்திருக்கவும் கூடாது. அண்ணிக்குக் கை தானாக நெஞ்சுக்கு வரும். அந்த அம்மாள் அதைத் தட்டிவிடுவார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் ஓடியது. அன்று ராத்திரி அவர் வீட்டிலேயே படுத்தோம், சோறு போட்டார். அந்தச் சோற்றின் மணம் இப்போதும் தெரியும்.

அங்கே துணிக்குத்தான் மதிப்பு. முதல் தடவை அம்மாவின் சேலை ஒன்றைக் கொடுத்துத் தவிடு வாங்கி வந்தோம். இரண்டாவது தடவை என் பாவாடைகள். தவிட்டுக்கஞ்சி குடித்து அம்மாவின் வீக்கம் முழங்காலோடு நின்றது, ஆனால் இறங்கவில்லை. “அரிசி இருந்தா எறங்கும்” என்றார் டிரசர். அரிசியை ரோட்டில் கொண்டுபோவது குற்றம். தவிடு கோழித் தீனி, அதைக் கேட்க மாட்டார்கள். மூன்றாவது தடவை அண்ணி தன் கூறைச் சேலையை மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாள்.

“அண்ணனுக்குத் தெரிஞ்சா திட்டும் அண்ணி” என்றேன்.

“அதுக்கு அம்மா வேணுமா, சேல வேணுமா? வாய மூடிக்கிட்டு மிதிடி.”

கூறைக்கு இரண்டு படி கைக்குத்தல் அரிசி கிடைத்தது. அதைச் சின்னப் பையில் கட்டி, தவிட்டு மூட்டைக்கு நடுவில் வைத்து, மூட்டையை ஹேண்டலுக்கு முன்னால் கட்டினோம். திரும்பி வரும்போது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. டயர் கிழிகிற சத்தம் காதை அடைத்தது. பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு, அதைத் திரும்பினால் இறக்கம், இறக்கத்தின் அடியில் பாலம். காவல்காரன் எப்போதும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் நிற்பான். நாங்கள் வளைவைத் தாண்டி, அவனைத் தூரத்தில் பார்த்த பிறகு, இறக்கத்தின் தலையில் இறங்குவதுதான் வழக்கம்.

அன்று வளைவைத் திரும்பியதுமே அவன் நின்றுகொண்டிருந்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம், இறக்கத்தின் தலையிலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். அவன் காலடியில் இரண்டு மூட்டைகள் கிழிந்து கிடந்தன. யாருடையவோ. துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திப் பார்த்திருக்கிறான். மரவள்ளி மாவு ரோட்டில் வெள்ளையாகச் சிதறியிருந்தது.

நான் “அண்ணி” என்றேன். கத்தவில்லை. அவள் குதித்தது எனக்குத் தெரிந்தது, வண்டி இலேசானது. கேரியரைப் பிடித்ததும் தெரிந்தது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவன் ஏதோ கத்தினான். அடுத்த நொடி பிடி விட்டுப் போனது. வண்டி இறக்கத்தில் இறங்கிவிட்டது.

என்னால் நிறுத்த முடியாது. கால் சக்கரத்துக்கு எட்டாது. பின்னால் அவன் கத்திக்கொண்டே இருந்தான். சுடுவான் என்று நினைத்தேன். ஹேண்டலின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அதையே வணக்கமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேனா, பயமா, தெரியாது. பாலம் தடதடவென்று போனது. அந்தப் பக்கம் மேடு. வண்டி வேகம் குறைந்து, குறைந்து, நின்று, என்னோடு லாலான் புல்லில் சாய்ந்தது. மூட்டை அவிழவில்லை.

எழுந்து பார்த்தேன். வழியை மரங்கள் மறைத்துவிட்டன. ஒரு சத்தமும் இல்லை. டயர் சத்தம் இல்லாத அந்த அமைதி எனக்குப் பழக்கமில்லாதது.

பக்கத்து வீட்டுக்காரி கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

“அவங்க ஏன் கைய விட்டாங்க?” என்றாள்.

“குனியணுமில்ல. அவன் மொகத்துக்கு நேரா நிக்கறான். கை தொடையில இருக்கணும், எதையும் புடிச்சிருக்கக் கூடாது. அந்த மலாய்க்கார அம்மா தட்டித் தட்டிச் சொல்லிக் குடுத்தது. பயத்துல கை தானா எறங்கியிருக்கும்.”

“ஆமாம்லா. அப்படித்தான் இருக்கும்.”

அப்படித்தான் இருக்கும். ஆனால் பிடி விட்டுப்போகிற அந்த நேரத்தில் என் முதுகில் ஒரு கை பட்டது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், விரல் விரித்த உள்ளங்கை. அது வண்டி நழுவும்போது எட்டிப் பிடிக்கப் பார்த்த கையா, ‘நீ போ’ என்று தள்ளிவிட்ட கையா? அவள் அந்த வெள்ளை மாவைப் பார்த்திருப்பாள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நொடியில் மனுஷி அவ்வளவும் யோசிப்பாளா? அண்ணி யோசிப்பாள்.

நான் திரும்பிப் போயிருக்கலாம். இதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னபோதும் சிரித்த முகத்தோடுதான் சொன்னேன், எனக்கு அப்படித்தான் வரும். கொஞ்ச நேரம் மேட்டில் நின்றேன். அண்ணி வருவாள் என்று பார்த்தேன். அப்புறம் வண்டியை நிமிர்த்தி, வீட்டுப் பக்கமாகத் திருப்பினேன். தள்ளிவிட ஆள் இல்லாமல் என்னால் ஏற முடியாது. எனவே உருட்டிக்கொண்டே நடந்தேன். ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் வண்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டது, நான் என்ன செய்ய என்று சொல்லிக்கொள்ளலாம். நான் ஒவ்வொரு அடியாக நடந்து வந்தேன். ஒவ்வொரு மைல் கல்லிலும் நின்றேன். ஒவ்வொரு கல்லிலும் திரும்பவில்லை. கேரியரில் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஆள் உட்கார்ந்திருக்கிற கனம் கனத்தது. வண்டிக்காரனை நகரச் சொல்ல அண்ணி இல்லை.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அம்மா படுத்தபடியே கேட்டாள்.

“அவ எங்கடி?”

“பின்னால வர்றாங்கம்மா.”

அரிசியைக் கழுவிக் கஞ்சி வைத்தேன். அம்மா குடித்தாள். வாசலைப் பார்த்துக்கொண்டே குடித்தாள், ஆனால் குடித்தாள். நானும் குடித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். நன்றாக இருந்தது.

அண்ணி மறுநாள் மத்தியானம் நடந்து வந்தாள். இடது பக்கம் முகம் முழுக்க வீங்கி, கண் தெரியவில்லை. அந்தப் பக்கத்துக் காதிலிருந்து கழுத்துவரை காய்ந்த ரத்தம். எதிர் வீட்டுக் கிழவி கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். எல்லோரும் கேட்டார்கள், என்ன செய்தான், எங்கே வைத்திருந்தான் என்று. அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். அடுப்புப் பக்கம் போய்ப் பானையைத் திறந்து பார்த்தாள்.

“அத்த குடிச்சாங்களா?” என்றாள் என்னிடம்.

“குடிச்சாங்க.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அம்மாவின் கால் ஒரு மாதத்தில் வற்றியது. யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷம் இருந்தாள், என் மூன்று பிள்ளைகளையும் மடியில் போட்டுக் குளிப்பாட்டினாள். அண்ணிக்கு இடது காது போய்விட்டது. அந்தச் சைக்கிளில் நாங்கள் மறுபடி ஏறவில்லை. கொஞ்ச நாள் தண்ணீர் வாளி மாட்டி உருட்டினேன். அப்போதும் பின்னால் கனக்கும். ஒரு நாள் அண்ணி அதை எடுத்துப்போய் அதே கால்வாயில் தள்ளிவிட்டு வந்தாள், யாரிடமும் சொல்லாமல்.

இத்தனை வயதாகியும் கோயில் கூட்டத்திலோ பசாரிலோ பின்னால் யாராவது நெருங்கி வந்தால் எனக்கு முதுகு கூசும். தோள்பட்டை நடுவில், அதே இடத்தில். என் புருஷன் இருந்தவரை கேட்பார், ஏன் சுவரில் சாய்ந்தே உட்காருகிறாய் என்று. இடுப்பு வலி என்பேன்.

“பொறவு கேக்கவே இல்லையாக்கா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “கைய விட்டீங்களா, தள்ளி விட்டீங்களான்னு?”

“எப்படிக் கேக்கறது. தள்ளி விட்டேன்னா, எனக்காக அடி வாங்கிருக்கா. நான் திரும்பிப் போவல. கை விட்டுப் போச்சின்னா, அவ ஆபத்துல தனியா நிக்கறா. அப்பவும் நான் திரும்பிப் போவல. எதச் சொன்னாலும் எனக்கு ஒண்ணுதான்.”

“ஆனா தெரிஞ்சிருக்கும்லா.”

தெரிந்திருக்கும். யுத்தத்துக்குப் பிறகு அண்ணனும் அண்ணியும் கடைசிவரை பாலிங்கில்தான் இருந்தார்கள். அண்ணி படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று செய்தி வந்து, என் மகன் காரில் கூட்டிப்போனான். அவளுக்குக் கை மட்டும் அப்படியே இருந்தது, எலும்புக்கு மேல் தோல்தான், ஆனால் பிடித்தால் விட மாட்டாள். என்னைப் பார்த்ததும், “வெளக்குமாத்துக் குச்சி, இப்பிடி ஊதிப் போயிட்டியேடி” என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம். மற்றவர்கள் தேத்தண்ணீர் குடிக்க வெளியே போனார்கள். அறையில் நாங்கள் இருவர்தான். அன்றைக்கு விட்டால் அப்புறம் கேட்க ஆள் இருக்காது என்று எனக்குத் தெரிந்தது.

“கேட்டேன்,” என்றேன்.

“என்னா சொன்னாங்க?”

“கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நாக்காலி இருந்துச்சி. நான் எடது பக்கம் போய் ஒக்காந்துக்கிட்டேன். காதுகிட்டக் குனிஞ்சி, எல்லாத்தயும் கேட்டேன். நான் மேட்டுல நின்னத, நடந்து வந்தத, கஞ்சி குடிச்சத, எல்லாத்தயும்.”

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்குப் பிடிபட்டது.

“எடது காதுதானக்கா அவங்களுக்குக் கேக்காது?”

“ஆமா.”

“அப்பறம் ஏன் அந்தப் பக்கம் போய் ஒக்காந்தீங்க?”

“அவ என் பக்கம் திரும்பல. செவத்தப் பாத்துக்கிட்டே என் கையத் தேடிப் புடிச்சா. சாப்டியாடின்னு கேட்டா. அவ்வளவுதான். கேட்டுச்சோ, கேக்கலியோ, அது எனக்கு...” என்று சொல்ல வந்தேன். கையில் ஒரு துளி விழுந்தது. ஜெராய் மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்திருந்ததை இவ்வளவு நேரம் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

“இரு இரு, பின்னால முறத்துல மொளகா காயுது. நனைஞ்சா அத்தனையும் பூசணம் பூத்துப் போவும். நீயும் போய்த் துணிய எடுலா, நிக்காத.”